மகளிர் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அக்காவுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், முகாம் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மழையால் தடைப்பட்ட ஒரு கூட்டத்தைத் தவிர மற்ற மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு தொடர்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்த மனச்சோர்வுப் பரிசோதனை பற்றித்தான்.

போரால் பாதிக்கப்பட்ட இடங்களில் வாழ்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணித்தது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களும், இங்கேயே பிறந்து இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் நாம். நம் வீடுகளில் அந்த ஐந்தில் ஒருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற படிவம். ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, களைப்பு, எதிலும் நாட்டமில்லாமை என்று ஒவ்வொன்றும் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தொல்லை தந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை போட வேண்டும். கூட்டினால் அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம்.

முதல் சுற்று சரிவரவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்களே என்று, முகாம் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும் நாளில் படிவத்தோடு உட்காரலாம் என்று நான்தான் சொன்னேன். அது என் பிழை. "இந்தப் பேப்பர் எந்த ஆபீசுக்குப் போகுது பிள்ளை?" என்று ஓர் அம்மா கேட்டார். அரசு தரும் பணக்கொடை நின்றுவிடுமோ என்று சிலர் பயந்தார்கள். பெரும்பாலும் 0, 0 என்றே பதில் வந்தது. அதோடு நிறுத்திவிட்டோம்.

அப்புறம் பெயரில்லாத படிவத்தோடு, பின்னேரங்களில் வீடு வீடாகப் போனோம். மனச்சோர்வு உண்டா என்றால் யாரும் ஓம் என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சுப் பாரம், பெருமூச்சு, "யோசனை கூடிப்போச்சு" என்றுதான் கதை தொடங்கும். அதை முழுக்கக் கேட்ட பிறகுதான் படிவத்தை எடுத்தோம். கேள்வியின் சொற்களை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கூட்டுத்தொகைக்குப் பொருள் இல்லை.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்தால், வெயில் காலத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? நாள் முழுக்க பெயிண்ட் வேலை பார்த்தவருக்குக் களைப்பு இருக்காதா? இவையும் மதிப்பெண்ணைக் கூட்டும். படிவம் நோயைத் தீர்மானிப்பதில்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்பது. இதைக் கேட்க எங்களுக்கே நா எழவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆகாது, கேட்பது பலருக்கு ஆறுதல்தான் என்று பயிற்சி தந்த மருத்துவர் தெளிவுபடுத்தினார். இதற்கு 1 என்று பதில் வந்தாலும் அவரைத் தனியே விடுவதில்லை, அன்றே அடுத்த வேலையைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அப்படிப் பதில் சொன்ன ஒருவரைப் பற்றி, அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். மூத்த உறுப்பினர் ஒருவர் அன்றிரவு அவரோடு தங்கினார். மறுநாள் மருத்துவமனைக்கு அவர் தனியாகப் போனார். சீட்டுப் போடும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி காரணம் கேட்டதால், வைத்தியரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். அடுத்த முறை நம் அக்கா ஒருவர் கூடவே போய், வரிசையில் நின்று, மருந்தோடு கூட்டிவந்தார். இப்போது மாதம் தவறாமல் போகிறார்.

கூடப் போக ஆளில்லாவிட்டால் கேள்வி கேட்பதே அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். ஒருநாள் கூலியும் பஸ் காசும் இல்லாமல் இரண்டாம் முறை போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் சந்தாவில் ஒரு பகுதியைப் பயணச் செலவுக்கு ஒதுக்கும்படி இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே கதைக்கலாம், கட்டணம் இல்லை. வாசிகசாலைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம்.

ஆண்களிடம் நம்மால் சரியாகக் கேட்க முடியவில்லை. விடிய முன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர ஆண்கள் இருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்