பரிசோதனைக் கட்டில் உயரத்தைக் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் பல ஆஸ்பத்திரி வாசல்களில் இப்போது சாய்தளம் இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஏறி உள்ளே போன வீல்சேர்க்காரர் அப்புறம் படுகிற பாட்டை யாரும் கேட்பதில்லை.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. வயிற்றுவலி என்று எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். பரிசோதனைக் கட்டில் என் இடுப்பு உயரம், ஏறுவதற்கு இரும்புப் படி ஒன்று கிடந்தது, நிற்கவே முடியாதவர் படியில் எப்படி ஏறுவார்? வெளியே நின்ற முன்பின் தெரியாத ஆண்களைக் கூப்பிட்டுத்தான் தூக்கிப் படுக்க வைத்தோம். சேலை விலகியதைச் சரிசெய்யக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை. அதிலிருந்து எவ்வளவு வலித்தாலும் 'மெடிக்கலில் மாத்திரை வாங்கிட்டு வா, போதும்' என்கிறாள். எடையும் பார்க்கவில்லை, "எவ்வளவு இருப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மயக்க மருந்து மாதிரி எடையைப் பார்த்து அளவு வைக்கும் மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன, அதை உத்தேசமாகப் போடலாமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வர வழி வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்கிறது. வாசல் மட்டும் என்று அதில் இல்லை. இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு புறநோயாளிகள் பிரிவிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டில் ஒன்றாவது வேண்டும், வீல்சேரோடு ஏற்றி எடை பார்க்கும் மெஷின் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் வாளியும் துடைப்பமும் போட்டுப் பூட்டி வைப்பதை இன்றைக்கே நிறுத்தலாம், அதற்குப் பணம் வேண்டாம். காது கேளாதவர்கள் பெயர் கூப்பிடுவது தெரியாமல் உட்கார்ந்தே இருக்கிறார்கள், டோக்கன் எண் காட்டும் பலகை ஒன்று வைத்தால் போதும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தொடங்கி மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை ஆட்சியர் ஒரு ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். அந்தக் குழுவில் வீல்சேரில் இருப்பவர்களும் பார்வையற்றவர்களும் கட்டாயம் இருக்கட்டும், கட்டிலில் ஏற முடிகிறதா இல்லையா என்று அவர்களே ஏறிப் பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தக்கலை வாசகி