மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து இப்போதெல்லாம் குடும்பம் குடும்பமாக பாலித் தீவுக்குச் சுற்றுலா போகிறார்கள். அங்கே துலாம்பென் கடற்கரையில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி என்ற கப்பலை, ஸ்நார்கெல் என்கிற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம். மகள் குடும்பத்தோடு நானும் போய் வந்தேன். நம்மவர்கள் சிலர் அங்கே நடந்துகொண்ட விதம் மனதை உறுத்துகிறது.

அது அமெரிக்கச் சரக்குக் கப்பல். ரப்பரும் ரயில் சாமான்களும் ஏற்றி வந்தபோது, 1942 ஜனவரியில் பாலியை ஒட்டிய லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இழுத்து வந்து துலாம்பெனில் கரை தட்ட வைத்தார்கள். 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்று கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே தெரிகிறது.

அம்மாவைப் பெற்ற ஐயா ரங்கூன் கடையையும் கணக்குப் புத்தகங்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கால்நடையாக ஊர் வந்து சேர்ந்ததும் அதே 1942-தான். ஐயாவை விரட்டிய அதே இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட கப்பல் என்பதால் என்னால் அதை வெறும் வேடிக்கைப் பொருளாகப் பார்க்க முடியவில்லை.

இரும்பு முழுவதும் பவளம், கடற்பஞ்சு, விசிறி விசிறியாகக் கடல்விசிறிகள். இடுக்குகளில் மீன்கள் குடியிருக்கின்றன. எங்களோடு வந்த ஒருவர் மூச்சு வாங்க அந்தப் பவளத்தின் மேலேயே ஏறி நின்றார். இன்னொருவர் ஒரு கிளையை ஒடித்துப் பைக்குள் போட்டார். அழைத்துப் போனவர் தடுக்கவே இல்லை. பவளம் கல் அல்ல, உயிர். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? வாரிசுகள் வெளியூர் போனதும் நிலைக்கதவு, தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, வளவும் முகப்பும் வெறிச்சோடிப்போன வீடுகள் எத்தனை! அந்தக் கப்பலும் ஆளுக்கொரு துண்டு எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

துலாம்பென் பெண்கள் முக்குளிப்பவர்களின் காற்று உருளைகளைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கிறார்கள். பல வீடுகளில் அடுப்பெரிவது அந்தக் கப்பலை நம்பித்தான்.

கண்மாயில் நீந்திப் பழகியிருக்கிறோம் என்று துணிந்து இறங்க வேண்டாம். கரை முழுக்க உருளைக் கற்கள், அலையில் கால் இடறும். மிதவைச் சட்டை அவசியம். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், பவளத்தில் கால் ஊன்றக் கூடாது. துருப்பிடித்த தகடு கையைக் கிழிக்கும். சிங்கமீனின் முள்ளில் விஷம் உண்டு. கப்பலுக்குள் நுழைவது பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களின் வேலை, நமக்கு அது வேண்டாம்.

சுற்றுலா அமைப்பாளர்கள் இவற்றை விமானம் ஏறும் முன்பே சொல்லட்டும், முந்தின நாள் நீச்சல் குளத்தில் ஸ்நார்கெல் வைத்து மூச்சுவிடவும் பழக்கட்டும். அப்புறம், பவளம் ஒடிப்பவரைத் தண்ணீரிலிருந்து வெளியேற்ற வழிகாட்டிக்கு அதிகாரம் கொடுங்கள். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்திலும் இதை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை