அரைக்கட்டை இறக்கித் தந்த தம்பிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பு நிறைந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 25 கச்சேரி முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் சரியாகத் தூங்கவில்லை. தை மாதத்திலிருந்து நான் எப்படி இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வரை வந்து பார்த்தவர்கள் நீங்கள். அதை மறுபடி எழுதப்போவதில்லை. பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், எங்கள் பாலு சாரின் ஐந்தாம் ஆண்டு நினைவு நாளில் நானும் மேடையில் நின்று பாடினேன் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், ராத்திரி முறை வைத்து என் பக்கத்தில் படுத்திருந்த குழு நண்பர்கள், தினமும் பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தத் தங்கச்சி, வாடகை வாங்காமல் மைக் செட் போட்டவர், மழை தூறியபோதும் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனங்கள் எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது எங்கள் கீபோர்டு தம்பிக்காக. அவன் செய்தது என்னவென்று அன்றைக்கு மேடையில் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

முதல் பாட்டு ‘ஆயிரம் நிலவே வா’. வேறு எதைப் பாடி ஆரம்பிப்பது? எப்போதும் பாடும் அதே சுருதியில்தான் எடுத்தேன். பல்லவி தாண்டியது. சரணத்தில் மேலே போகும் இடத்தில் குரல் கம்மியது. கூட்டம் கைதட்டி மூடிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளங்கை ஜில்லிட்டுப்போனது. இன்னும் பதினோரு பாட்டு இருந்தது.

அறிவிப்பாளர் அண்ணன் மைக்கை வாங்கி, 1966-இல் இசையமைப்பாளர் கோதண்டபாணி கைப்பிடித்துத் தெலுங்கு சினிமாவுக்கு அழைத்து வந்த பையனான பாலு சார், பிறகு தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே அந்தக் குருவின் பெயரை வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் திரும்பி வெந்நீர் குடித்தேன். தபலாக்காரர் சுத்தியலால் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். புல்லாங்குழல் அண்ணன் பையைத் திறந்து வேறொரு குழலை எடுத்தார். கிட்டார்காரர் குனிந்து எதையோ நகர்த்தினார். இதெல்லாம் மேடையில் தினம் பார்க்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பாட்டு ‘இளைய நிலா’. எடுத்தேன், நின்றது. பயந்த இடமெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. பாலு சார் மேலிருந்து பார்க்கிறார் என்றே நம்பினேன். பன்னிரண்டையும் பாடி முடித்து, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். நீங்களும் பார்த்தீர்கள்.

மறுநாள் காலை என் மகள், தன் செல்போனில் எடுத்ததை அசல் பாட்டோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, முதல் பாட்டு மட்டும்தான் ஒரிஜினல் ஸ்கேல். மத்ததெல்லாம் அரைக்கட்டை கம்மி” என்றாள். அதாவது, சுருதியை அரைப் படி கீழே இறக்கி வாசித்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாகப் பாடுகிறவனுக்கு அது தெரியவில்லை. அறிவிப்பாளர் பேசிய ஐந்து நிமிஷத்தில் பழைய சுருதி காதிலிருந்து போய்விட்டது, பதற்றம் வேறு.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “அண்ணே, இறக்கவான்னு கேட்டா நீங்க வேண்டாம்பீங்க. வீம்புக்குப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்குவீங்க. அதான் கண்ணைக் காட்டி எல்லாரையும் மாத்தச் சொன்னேன். தப்பாண்ணே?” என்றான்.

அவனுக்குக் கீபோர்டில் ஒரு பொத்தான்தான். ஆனால் புல்லாங்குழல் அண்ணன் குழலையே மாற்ற வேண்டும், தபலாவை இறக்கிச் சேர்க்க வேண்டும், கிட்டார்காரர் விரல் பழகிய இடத்தை விட்டு நகர வேண்டும். கூட்டத்தின் முன்னால், ஒரு வார்த்தை பேசாமல், பாடுகிறவனுக்கும் தெரியாமல் செய்திருக்கிறார்கள். சம்பளம் பேசி வரும் வாத்தியக்காரர்களிடம் இதை யாரும் கேட்டு வாங்க முடியாது.

அன்று முழுக்க எனக்கு ஒரு பழைய கதை ஞாபகமாகவே இருந்தது. 1969-இல் வெளிவந்த ‘அடிமைப் பெண்’ படத்தின் அதே ‘ஆயிரம் நிலவே வா’ பாட்டுக்கு ஒத்திகை முடிந்த நிலையில் பாலு சார் காய்ச்சலில் படுத்துவிட்டார். எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடவில்லை; உடம்பு தேறி வரும்வரை காத்திருந்து அவரையே பாட வைத்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போவதாக இந்தப் பையன் நண்பர்களிடம் சொல்லியிருப்பான், இன்னொருவர் பாடினால் இவன் சரியாகப் பாடவில்லை போலிருக்கிறது என்று ஆகிவிடுமே என்பதுதான் அவர் சொன்ன காரணம். பாலு சார் இதைக் கடைசிவரை மேடை மேடையாகச் சொன்னார். அதுவும் பாடியவர் போய்க் கேட்ட பிறகு வெளியே வந்த காரணம்தான்.

பாலு சாரும் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு வைத்துக் கச்சேரி செய்தவர். இளையராஜா அந்தக் குழுவில் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, எங்களைப் போல் கோவில் கொடைக்கும் கல்யாண வரவேற்புக்கும் பாடுகிறவர்களுக்கு அவர் எங்கள் வீட்டு அண்ணன். அவர் பாட்டில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. 2020 ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு ஊரே அவருக்காகப் பிரார்த்தனை செய்தபோது, ஊரடங்கில் ஒரு கச்சேரியும் இல்லாமல் கிடந்த நாங்கள் ஏழு பேர் அவரவர் வீட்டு வாசலில் நின்று அவர் பாட்டைப் பாடினோம். இந்தத் தம்பி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

என் பாட்டு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேல் மூலையில் கட்டை எழுதி வைத்திருப்பேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்து, அரைக்கட்டை குறைத்து எழுதினேன். முதலில் அடிக்கும்போது கை நின்றது. நாலைந்து பக்கம் தாண்டியதும் பழகிவிட்டது.

தம்பி, அடுத்த கச்சேரியில் முதல் பாட்டுக்கு முன்னாலேயே நான் திரும்பி, மைக்கிலேயே கட்டையைச் சொல்வேன். புல்லாங்குழல் அண்ணனிடமும் சொல்லி வை, அந்தக் குழலைப் பையில் மேலாக வைக்கட்டும்.