அண்ணாவியின் குரலை அவர் வீட்டுக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஒலி ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் திட்டத்துக்காக ஊர் ஊராகப் போய், வெளியுலகம் அறியாத கிராமியக் கலைஞர்களைப் பதிவுசெய்து கொடுத்த ஒப்பந்த ஒலிப்பதிவாளர்களில் நானும் ஒருவன். திட்டம் எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காப்பகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பதிவுசெய்த கணியான் கூத்து அண்ணாவி, அதாவது கோயில் கொடையில் சாமி கதை பாடும் குழுவின் தலைமைப் பாடகர், போன மாசியில் காலமானார். அப்பா பாடிய பதிவில் ஒரு படி வேண்டும் என்று அவருடைய மகன் உங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் பதிவுகள் வழங்கப்படுவதில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் வந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, "என்ன போட்டிருக்காவ அண்ணாச்சி?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்கப்பா பாட்டை எங்களுக்கே தர மாட்டாவளா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பாடியவருக்கு, அவர் இல்லையென்றால் அவர் குடும்பத்துக்கு, பதிவின் ஒரு படியை இலவசமாகக் கொடுங்கள்.

அந்தப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது உங்கள் கோப்பில் இருக்காது. சுடலைமாடன் கோயில் கொடை விழா, வெள்ளிக்கிழமை இரவு. பந்தலின் நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர், பின்னால் ஜெனரேட்டர். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மகுடம் என்ற தோல் கருவியின் உச்சத்தையும் மந்தத்தையும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி பிடிக்க வேண்டும். மைக் செட் தம்பியிடம் கெஞ்சி ஒரு குழாயை வயல் பக்கமாகத் திருப்ப வைத்தேன். மைக்கின் முடி உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் கவனித்த அண்ணாவி, கூத்து தொடங்குமுன் என்னைக் கூப்பிட்டு, "எங்கன நின்னா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேட்டார். ஓலையைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சினார்கள். தட்டிப் பார்த்து, திருப்பிக் காய்ச்சி, மறுபடி தட்டிப் பார்த்தார்கள். பெண் வேடம் கட்டிய ஆட்டக்காரர்கள் சலங்கையோடு வந்து நின்றார்கள். ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு அவர் கைலாசத்தில் தொடங்கினார். பார்வதியின் முந்தானையில் விளக்குச் சுடர் விழுந்து பிள்ளை பிறந்ததில் ஆரம்பித்து, சாமக்கொடைக்குச் சாமியாடி இறங்குகிற வரை பாடினார். விடிகிறபோது தொண்டை கட்டிப்போயிருந்தது. உங்கள் திட்டத்துக்காக, மைக்குக்கு நேரே நின்ற இடத்தைவிட்டு நகராமல் பாடினார்.

சுடலை பிறந்த கதையை எல்லாக் குழுவும் பாடும். அந்தச் சாமி அந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது, எந்த மரத்தடியில் நிலையம் போட்டது, யார் முதலில் படையல் வைத்தார்கள் என்கிற பகுதி அந்த ஊருக்கு மட்டும் உரியது. அதை முழுதாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஏட்டில் இல்லை. குருவிடம் கேட்டுப் பாடமாக்கியது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர், இடையிடையே வந்து பின்பாட்டுப் பாடியிருக்கிறார், மகுடமும் அடிப்பார். இப்போது வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார், வருகிற ஆடிக் கொடைக்கு அவர்தான் அண்ணாவி. கதை தெரியும், ஆனால் நடுவில் சில இடங்களில் வரி விட்டுப்போகிறது. ஊர்க்காரர்களின் செல்போனில் அரை நிமிடம், ஒரு நிமிடத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் குழாய் ஸ்பீக்கரின் இரைச்சலைத் தவிர எதுவும் விளங்கவில்லை. முழு இரவும் சுத்தமாக இருக்கும் ஒரே இடம் உங்கள் சர்வர். ஒப்பந்தத்தில் என்னிடம் படி இருக்கக் கூடாது என்று இருந்தது, அதனால் இல்லை. இல்லாவிட்டால் உங்களுக்கு இந்தத் தொந்தரவு வந்திருக்காது.

அந்த இளைஞர் இதுவரை பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதலில், ஆராய்ச்சி மாணவர் என்பதற்கு வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் கேட்டீர்கள். அவருடைய வழிகாட்டிதான் இறந்துபோனார் என்று அவர் பதில் எழுதவில்லை, நானாக இருந்தால் எழுதியிருப்பேன். அடுத்து, நேரில் வந்து கேட்கும் அறையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், நகல் கிடையாது என்றீர்கள். சரி என்று நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு வந்தார். வந்த அன்று சர்வர் பராமரிப்பு. அடுத்த மாதம் வரச் சொன்னீர்கள். அதற்கப்புறம் நிமிடக் கணக்கில் ஒரு கட்டணப் பட்டியல் கையில் கொடுக்கப்பட்டது. முழு இரவுக்கும் கணக்குப் போட்டால், அன்று அந்தக் குழு மொத்தத்துக்கும் நீங்கள் கொடுத்த சன்மானத்தைத் தாண்டுகிறது. அதையும் கடன் வாங்கிக் கட்டத் தயார் என்று அவர் எழுதிய பிறகுதான் அந்த இரண்டு வரிப் பதில்.

சட்டம் இடம் தரவில்லை என்று சொல்வீர்களோ என்று பார்த்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்துக்குப் பிறகு நிகழ்த்துக் கலைஞருக்கும் உரிமை உண்டு. யாரெல்லாம் அந்தக் கணக்கில் வருவார்கள் என்ற பட்டியலில் பாடகர், இசைக்கருவி வாசிப்பவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை இருக்கிறார்கள். அந்த உரிமை 50 ஆண்டு நீடிக்கும். 2012 திருத்தத்தின்படி, இதை நிகழ்த்தியவர் நான்தான் என்று தன் பெயரைக் கோரும் உரிமையும் கலைஞருக்கு உண்டு. நீங்கள் வாங்கிய நான்கு பக்க ஆங்கில ஒப்புதல் படிவத்தில் அண்ணாவி கைநாட்டு வைத்தார். அதில் எதையெல்லாம் எழுதிக் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது, அன்று படித்துக் காட்டவும் யாருமில்லை. ஆனால் குடும்பத்துக்கு ஒரு படி கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பெயர் என்றதும் இன்னொன்று. உங்கள் இணைய அட்டவணையில் இந்தப் பதிவைத் தேடினால் "பெயர் தெரியாத முதியவர், ஆண் குரல், தோல் கருவி" என்று வருகிறது. களக் குறிப்புத் தாளில் அவர் பெயர், ஊர், குருவின் பெயர், மகுடம் அடித்த இருவரின் பெயர் எல்லாம் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அதே திட்டத்துக்கு வழவழ தாளில் நீங்கள் போட்ட மலரில், குத்துவிளக்கு ஏற்றியவர்கள் ஒருவர் பெயரும் விடுபடவில்லை. பட்டம், பதவி, முன்னெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. பாடியவர்கள் பின்னட்டையில் தபால்தலை அளவில் நிற்கிறார்கள். விழா எடுத்தால் விடிய விடிய ஆடும் கலைக்குப் பத்து நிமிடம், அதிலும் இரண்டு நிமிடம் பொன்னாடை. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி 2025-ல் மறைந்தபோது எல்லோரும் அஞ்சலி எழுதினோம். அவருக்காவது வானொலியும் சினிமாவும் இருந்தன, குரல் மிஞ்சியது. வானொலி நிலையத்தின் வாசலையே பார்க்காதவர்களுக்கு மிஞ்சியிருப்பது உங்கள் குளிரூட்டிய அறை. அதன் சாவியோ உங்களிடம். யுனெஸ்கோவின் 2003 மரபு ஒப்பந்தத்தை இந்தியா 2005-ல் ஏற்றுக்கொண்டது, அதில் சமூகங்களின் பங்கேற்பு பற்றி அழகாக எழுதியிருக்கிறது. உங்கள் வரவேற்பறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அந்த இளைஞர் காத்திருந்த நேரத்தில் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாராம்.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

நான் கேட்பது உலகத்தில் யாரும் செய்யாத காரியமும் அல்ல. 1938-ல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று சுற்றிப் பதிவுசெய்தார். 1984-ல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்போயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு, அவர் போன வழியிலேயே திரும்பப் போய், ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். 1941-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணைத் தொழிலாளியைப் பதிவுசெய்தார். அப்புறம் இரண்டு இசைத்தட்டும் 20 டாலர் காசோலையும் அவருக்குத் தபாலில் போயின. அந்தத் தொழிலாளிதான் பின்னால் ப்ளூஸ் இசையில் பெரும் புகழ்பெற்ற மடி வாட்டர்ஸ். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகுதான் தன்னாலும் முடியும் என்ற துணிச்சல் வந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கனமான தட்டைப் பொதிகட்டிக் கப்பலிலும் ரயிலிலும் அனுப்ப வேண்டிய காலத்தில் முடிந்த வேலை இது.

இன்று என்ன செலவு? நான் கொடுத்த 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ கோப்பு மணிக்கு இரண்டு ஜிபி சொச்சம். எட்டு மணி நேரக் கூத்து 32 ஜிபி மெமரி கார்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். செல்போனில் கேட்க எம்பி3 ஆக மாற்றினால் ஒரு ஜிபியோ சற்றுக் கூடவோ வரும். அந்த வேலையையும் நானே இலவசமாகச் செய்து தருகிறேன். பதிவு வெளியே போனால் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். மூலக்கோப்பு உங்களிடமே இருக்கப்போகிறது. கேசட் காலத்துப் பதிவுகளில் எத்தனை பூஞ்சை பிடித்துப் போயின என்பதை உங்கள் பழைய ஊழியர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நாலு ஊரில் நாலு படி இருந்திருந்தால் அவற்றில் சிலவாவது பிழைத்திருக்கும்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அண்ணாவியின் பதிவில் ஒரு படியை அவர் மகனுக்குக் கொடுங்கள். ஆடிக் கொடைக்கு அதிக நாள் இல்லை, பாடம் பண்ண அவருக்குக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். அட்டவணையில் அண்ணாவியின் பெயரைப் போடுங்கள், குறிப்புத் தாள் தொலைந்திருந்தால் திரும்ப எழுதித் தருகிறேன். அடுத்து, இவர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியதாக இல்லாமல், இந்தத் திட்டத்தில் பாடிய, வாசித்த எல்லோருக்கும் இதையே நடைமுறையாக வையுங்கள். நான் போன ஊர்களில் உறுமிக்காரர், பம்பைக்காரர், ஒப்பாரி பாடும் ஆச்சிகள் என்று பலர், பதிவு முடிந்ததும் எனக்கு எப்போ கிடைக்கும் என்று கேட்டார்கள். அலுவலகத்திலிருந்து அனுப்புவார்கள் என்று உங்கள் அலுவலர் என் முன்னால்தான் சொன்னார்.

பதிவு எண்ணையும் அந்த இளைஞரின் முகவரியையும் தனியாக உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படியெடுக்கக் காலி மெமரி கார்டும் அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. பதிலை மட்டும் இந்த முறை தமிழில் எழுதி நேரே அவருக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் ஒப்பந்த ஒலிப்பதிவாளர்