முதல் கிட் வாங்குபவரிடமே ‘அப்கிரேட்’ விற்காதீர்கள்

வால்வு ஆம்ப்ளிஃபயர் கிட் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரைப் போட்டு எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் மூன்று மாதத்தில் நான் அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. ஐந்தாவதுக்குத்தான் பதில் வந்தது. ஒரே வரி: “நல்ல பாஸ் வேண்டுமென்றால் எங்கள் அப்கிரேட் டிரான்ஸ்பார்மர் செட்டை வாங்கிப் பொருத்தவும்.” கீழே விலை, 9,800 ரூபாய். கிட்டின் விலையே 14,500 தான்.

நான் பாஸ், அதாவது கனத்த அடி ஒலி, கேட்கவே இல்லை. உங்கள் கிட்டை வாங்கி வீட்டிலேயே கட்டிய ஆம்ப்ளிஃபயரில், வால்வுக்குள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) இருக்கும் தகடு ஏன் சிவக்கிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இசிசி83 வால்வு, இரண்டு இஎல்84 வால்வு, சேனலுக்கு 5 வாட், சேனலுக்கு ஒரே இஎல்84 வேலை செய்யும் சிங்கிள் எண்டட் வகை. புதிதாகச் சால்டரிங் பழகும் ஒருவருக்கு இதைவிட நல்ல சர்க்யூட் கிடையாது. உங்கள் கையேட்டில் படங்கள் தெளிவு. ரெசிஸ்டர்களை மதிப்பு எழுதிய சின்னச் சின்ன உறைகளில் போட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த என் மகள்தான் மே மாத விடுமுறையில் முழுக்கச் சால்டர் செய்தாள். முதல் தடவை சுவிட்சைப் போட்டதுமே பாடியது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் உங்கள் நிறுவனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துக் கோடை மழை பெய்து, தெருவில் ஏசி எல்லாம் ஓய்ந்த ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். “அப்பா, இன்னைக்கு இன்னும் அழகா எரியுது பாருங்க” என்றாள். கிட்ட போய்ப் பார்த்தால் வலது பக்க இஎல்84-இன் சாம்பல் நிறத் தகடே நடுவில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்திருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே மாற்றிக் கொடுக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் மேல் கை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது, லேசாக வார்னிஷ் வாடை வேறு. பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 246 வோல்ட்.

உங்கள் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி, அதாவது பிளக்கோடு சேரும் சுருள், 220 வோல்ட். நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தமே 230. லோடு குறைந்த நேரத்தில் 240-ஐத் தாண்டுவது வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், இந்த நாட்டில் கிட் விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 220-க்குக் கட்டியதில் 246 போனால் எல்லா வைண்டிங்கிலும் 12 சதவீதம் கூடும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 போக வேண்டிய இடத்தில் 7 வோல்ட் போகிறது. வால்வுக்கு 250 என்று நீங்கள் போட்ட கணக்கு 280 ஆகிறது. இஎல்84-இன் தகடு தாங்குவது 12 வாட். 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடினால் அந்த 12 வாட் அப்போதே நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் கூடுவதெல்லாம் சிவப்புதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வால்வுகளின் இதமான ஒளியை ரசியுங்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள், ரசித்தோம்.

சரி, உங்கள் அப்கிரேட் செட்டையே வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். அதன் பக்கத்திலும் எடை, நிறம், ‘செழுமையான ஒலி’ இவ்வளவுதான் இருந்தது. பிரைமரி எத்தனை வோல்ட், ஹெச்டி (உயர் மின்னழுத்த) வைண்டிங் எத்தனை மில்லி ஆம்பியர், ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இண்டக்டன்ஸ் (இது குறைந்தால் பாஸ் போய்விடும்) எவ்வளவு, எத்தனை மில்லி டிசி தாங்கும், ஒன்றும் கிடையாது. மின்னஞ்சலில் இவற்றையும் கேட்டிருந்தேன். ‘தொழில் ரகசியம்’ என்றாவது ஒரு பதில் போட்டிருக்கலாம்.

கடைசியில் மெயின்ஸ் ஒன்று, அவுட்புட் இரண்டு என மூன்று டிரான்ஸ்பார்மரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் காயில் கட்டும் ஒருவரிடம் போனேன். ஒரு காலத்தில் மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களுக்கு நிறையக் கட்டியவர். லேபிளைப் பார்த்ததும், “இதுல 120 மில்லின்னு போட்டிருக்கே தம்பி, ஏசியா டிசியா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு இஎல்84-உம், உள்ளே ஸ்கிரீன் என்ற கம்பி வலை எடுக்கும் கரண்டோடு சேர்த்து, 107 மில்லி டிசி எடுக்கும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் பெரிய கெப்பாசிட்டர் வைத்தால், வைண்டிங்கில் ஓடும் ஏசி அந்த டிசியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். 107 என்பது 120-ஐவிடக் குறைவு, அதனால் போதும் என்று உங்களில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றின் கவ்வியை நெம்பிப் பிரித்தார். ஸ்டாம்பிங்கில் (கோரில் அடுக்கும் இரும்புத் தகடுகள், ஆங்கில E, I வடிவத்தில் இருக்கும்) ‘ஈ’ ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தது, சாதாரண மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் மாதிரி. கேப் பேப்பர் கிடையாது. நான் படம் எடுத்துக்கொண்டேன், வேண்டுமானால் அனுப்புகிறேன். சிங்கிள் எண்டட் என்றால் வால்வின் டிசி முழுவதும் பிரைமரி வழியாகத்தான் ஓடும். அதற்காகத்தான் ‘ஈ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் மறுபக்கம் வைத்து நடுவில் காகிதம் கொடுப்பார்கள். இடைவெளி இல்லாவிட்டால் கோர் சாச்சுரேட் ஆகி, அதாவது காந்தம் நிரம்பி, இண்டக்டன்ஸ் படுத்துவிடும். 5 ஹென்றிதான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த 5.2 கிலோ ஓம் லோடில் 145 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி இறங்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை நன்றாகக் கேட்கும், கனத்த நாதம் தரும் தொப்பி மட்டும் அடுத்த தெருவில் வாசிக்கிற மாதிரி இருக்கும். ரெக்கார்டிங் சரியில்லை என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகக் கட்டி வாங்கினேன். 240 வோல்ட் பிரைமரி, தாராளமான ஹெச்டி வைண்டிங். அவுட்புட்டுக்கு உங்கள் 19 மில்லிமீட்டர் நாக்குக்கு (‘ஈ’யின் நடுக்கால்) பதில் 28 மில்லிமீட்டர் நாக்குள்ள 33 நம்பர் ஸ்டாம்பிங், கேப் பேப்பரோடு. உங்களுடையது ஒன்று 400 கிராம், இது ஒன்றரைக் கிலோ. மூன்றுக்கும் சேர்த்து 6,200 ரூபாய்.

பணத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. புது டிரான்ஸ்பார்மர் உங்கள் சேஸிஸ் ஓட்டைகளில் உட்காரவில்லை. மேல் தகட்டில் புது ஓட்டை போட வேண்டும், அரம் போட்டு ராவ வேண்டும். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் ஆபத்து, ஆகவே உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். என் மகள் ஒவ்வொரு ஒயரையும் அளந்து வெட்டி, முனை முறுக்கி, ஸ்லீவ் போட்டுச் சால்டர் செய்திருந்தாள். சாலிடர் சக்கரால் அவளே ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாள். நாற்பத்திரண்டு இணைப்பு. மூன்று பின்களில் பிசிபியின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிட்டது, அது உங்கள் போர்டின் தரம், அதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் நிற்கும் என்று பயந்து, ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்து, “ஒரு கையைப் பாக்கெட்ல வச்சுக்கோ” என்று நான் பக்கத்திலேயே நின்றேன். ஆரம்பக்காரர் ஒருவர் தான் கட்டிய 300 வோல்ட் கருவியைத் திரும்பப் பிரித்து டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டும் என்பதைத்தான் நீங்கள் ஒரு வரியில் ‘வாங்கிப் பொருத்தவும்’ என்று எழுதுகிறீர்கள்.

ஆகவே கேட்பது இதுதான்: டிரான்ஸ்பார்மரை வாங்கும்போதே தேர்ந்தெடுக்க விடுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத கிட் ஒன்றை அதற்குரிய விலைக்குக் கொடுங்கள். கொடுக்கும் டிரான்ஸ்பார்மருக்கு அளவுகளை அச்சடித்துக் கொடுங்கள்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1947-இல் வில்லியம்சன் என்ற பொறியாளர் தன் ஆம்ப்ளிஃபயரை ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வெளியிட்டபோதே, அவுட்புட் டிரான்ஸ்பார்மரை எப்படிச் சுற்றுவது என்ற விவரத்தையும் சேர்த்தே கொடுத்தார். 1950-களில் அமெரிக்காவில் ஹீத்கிட் நிறுவனம் அதே சர்க்யூட்டைக் கிட்டாக விற்றபோது, ஒரு மாடலில் அக்ரோசவுண்ட் டிரான்ஸ்பார்மர், இன்னொன்றில் சிக்காகோ டிரான்ஸ்பார்மர் என்று தயாரித்தவர் பெயரோடு சொல்லி விற்றது. வாங்குகிறவன் பணத்துக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டான். 1959-இல் வந்த டைனகோ நிறுவனத்தின் எஸ்டி-70 ஆம்ப்ளிஃபயர் கிட்டின் உயிரே அதன் ஏ-470 அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான். அதன் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும் சூடாகும் என்று பேர் வாங்கியதுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவனுக்குத் தெரிந்திருந்தது.

நீங்களோ தங்க முலாம் பூசிய ஆர்சிஏ சாக்கெட், கடைந்தெடுத்த அலுமினியக் குமிழ், இரண்டு பக்கமும் மரப்பலகை என்று வெளியே தெரிவதற்கெல்லாம் செலவு செய்துவிட்டு, டிரான்ஸ்பார்மரில் மட்டும் செம்பையும் இரும்பையும் குறைத்திருக்கிறீர்கள், மேலே கறுப்பு மூடி போட்டுவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று. உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டு மிக்ஸியும் அப்படித்தான், ஃபேனும் அப்படித்தான், ஓராண்டு வாரண்டி முடிந்த அடுத்த வாரம் காயில் போகும், கடைக்காரர் ‘அலுமினியம் சார்’ என்று சிரிப்பார். இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் பாதிதான் வாங்குகிறோம், மீதிப் பாதிக்கு அப்கிரேட் என்று பெயர். சரி, மிக்ஸிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே 20,000 என்று சொல்லி நல்ல டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தால் பேசாமல் கொடுத்திருப்பேன், உங்களைப் பத்துப் பேருக்குச் சொல்லியும் இருப்பேன். அடுத்த தொகுப்பிலாவது பிரைமரியில் 240 வோல்ட்டுக்குத் தனி முனை (டேப்) ஒன்று வையுங்கள், கேப் பேப்பர் போடச் சொல்லுங்கள், டிரான்ஸ்பார்மர் இல்லாத கிட்டையும் பட்டியலில் சேருங்கள். தயவுசெய்து.

உங்களுடைய பழைய டிரான்ஸ்பார்மர்கள் இரண்டும், பிரித்த மூன்றாவதின் ஸ்டாம்பிங் ஒரு டப்பாவிலுமாக என் மேசை மேல் இருக்கின்றன. ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். கூரியர் செலவு என்னுடையது, எடை குறைவுதானே.

இப்படிக்கு,
உங்கள் கிட்டை இரண்டு தடவை கட்டிய வாடிக்கையாளர்,
சென்னை