அப்பாவின்ர எழுத்து

டூட்டிங், லண்டன்.

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதம் கிடைச்சுது. இவ்வளவு நாளும் எழுதேல்லையெண்டு ஏசாதேங்கோ. இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்தால் பகல் போறதே தெரியிறேல்லை. வேலை நல்லாப் போகுது, குறை ஒண்டுமில்லை.

கடிதத்தின்ர அடியில அப்பா எழுதின நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தன். முதல் வரி அவற்ற எழுத்து. கடைசி வரிக்கு வரேக்க எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிறுத்துப் போச்சு. காலி வீதிக் கடைப் பலகையளில ஆளுயரத்துக்கு எழுதின மனுசன்! வயது போட்டுது எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள். எனக்கு அப்பிடிப் படேல்லை.

மேல்மாடி வெள்ளைக்காரக் கிழவியைப் பற்றி முந்தி எழுதினனான் தானே, மாரிக் குளிருக்கையும் யன்னலைத் திறந்து வைச்சு அணிலோட கதைக்கிறவ. அவ ஆஸ்பத்திரியில டாக்டர்மாருக்குப் படம் கீறிக் குடுத்தவ. மூளை, நரம்பு எல்லாம் கையாலதான். 1664இல தோமஸ் வில்லிஸ் எண்ட டாக்டரின்ர மூளைப் புத்தகத்துக்குப் படம் கீறினவையில ஒருத்தர் கிறிஸ்தோபர் ரென்னாம், சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டின அதே ஆள். கமரா இல்லாத காலத்தில கீறத் தெரிஞ்சவன் இல்லாட்டி டாக்டரும் குருடன்தான் எண்டுவா. தன்ர தொழிலைப் பற்றி அவவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அவவுக்குப் பார்க்கின்சன் வருத்தம், கைகால் நடுங்கி, அசைவு மெதுவாகிற நரம்பு வருத்தம். எழுத்துச் சிறுத்ததிலதான் தொடங்கினதாம். மூளையின்ர அடியில, உடம்பை அசைக்க உதவுற டோபமின் எண்ட இரசாயனத்தைச் சுரக்கிற கலங்கள் அழியிறதால வாறது. 1817இல இதை முதல் ஒழுங்கா எழுதிவைச்ச ஜேம்ஸ் பார்க்கின்சன் இதே லண்டன்காரன், நோயாளிகள் சிலரைத் தெருவில கண்டுதான் எழுதினவர். குளிசை தொடங்கினாப் பிறகு கிழவிக்கு இரவிரவாப் படம் கீறுற விசர் பிடிச்சுதாம். டோபமின் குளிசையள் சிலருக்கு அப்பிடிச் செய்யுமாம், சிலருக்குச் சூதாட்டத்தில போய் முடியுமாம்.

பிறகு தலையில துளை போட்டு மின்கம்பி வைச்சவை. பற்றரி காறை எலும்புக்குக் கீழ, தோலுக்குள்ள. 1987இல பிரான்சில, கிரெனோபிள் நகரத்தில பெனாபிட் எண்ட டாக்டர் தொடக்கிவைச்ச முறை. மயக்காமலே செய்து, நடுவில பேனையைக் குடுத்துச் சுருள் கீறச் சொன்னவையாம். கரண்டைக் கூட்டக் கூட்டச் சுருள் ஒழுங்காகிச்சுதாம். அந்தக் கடதாசியளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறா. அவ கீறின எல்லாத்திலயும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

பயப்படாதேங்கோ, எல்லாருக்கும் கம்பி வைக்கிறேல்லை, முதல் குளிசைதான். நடுங்குறதெல்லாம் இந்த வருத்தமும் இல்லை. ஆனால் அப்பாவைப் பெரியாஸ்பத்திரி நரம்பு டாக்டரிட்டைக் காட்டுங்கோ. ஸ்கான் எடுத்தால் காணும் எண்டு அத்தான் நிப்பார். சாதாரண ஸ்கானில இது தெரியாதாம். டாக்டர் கையைப் பிடிச்சு அசைச்சு, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. மணம் தெரியுதா எண்டும் கேளுங்கோ, சிலருக்கு நடுக்கத்துக்கு வருசக்கணக்கா முதலே அது போயிடுமாம்.

இங்க முருங்கைக்காய், ரம்பை எல்லாம் கடையில கிடைக்குது. ரோஸ் பாண்தான் இல்லை. நேற்றுத் தண்டவாளச் சத்தம் கேட்டு, வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் எண்டு பாதி நித்திரையில எழும்பி இருந்திட்டன். பிறகு படுக்கேல்லை, சோறு வைச்சன்.

சரி, அலுவலுக்கு வாறன். காணி உறுதியில அப்பா கையெழுத்து வைக்க முதல் நொத்தாரிசிட்டை விசயத்தைச் சொல்லுங்கோ, பழைய கையெழுத்தோட பொருந்தேல்லையெண்டு பிறகு வழக்கு வேண்டாம். இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வங்கியில ஏதோ அலுவலாம். சின்ன மாமியின்ர மகளின்ர கலியாணத்துக்கு என்ர பேரில 10,000 ரூபா எழுதுங்கோ, நான் தந்துவிடுறன். மண்டபக் காசில பாதியை மாமா கேட்டால், தை பிறக்கட்டும் எண்டு சொல்லிவிடுங்கோ.

இப்படிக்கு,
தம்பி