ஹேமர் பற்றி நீ எழுதிய ஒரு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் பிஸ்டலில் சுட்டபின் காலித் தோட்டா உறை சிக்குவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசியில் போகிறபோக்கில், ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) மூடும்போது, தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் ஹேமர் ஒரு தடவை தானாகப் பாதி வரை இறங்கியது என்று ஒரே ஒரு வரி. என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வரிதான்.

சரி, முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். 5 அங்குலக் குழலும் .45 தோட்டாவும் உள்ள 1911 வகை பிஸ்டலுக்கு, ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வழக்கமாக 16 பவுண்ட். நீ புதிதாகப் போட்டிருப்பது 18.5. அதோடு நீ சுடுவது வெடிமருந்து குறைத்த பயிற்சித் தோட்டா. அதன் உதைக்கு இந்த ஸ்பிரிங்கை முழுக்க அழுத்தும் தெம்பு இல்லை. ஸ்லைடு அரைகுறையாகப் பின்னால் போய், உறை வெளியே தெறிப்பதற்குள் திரும்பி வந்து அதைக் கவ்விக்கொள்கிறது. உறை செங்குத்தாகச் சிக்கி நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதையே மாட்டு. பிறகும் சிக்கினால் உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கரி அடைத்திருக்கிறதா என்று பார், தோட்டா அடுக்கும் மேகசினையும் வேறொன்று போட்டுப் பார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆனால் எதையும் இப்போது சுட்டுப் பார்க்காதே. ஹேமர் விஷயம் தீரும்வரை அந்த பிஸ்டலில் தோட்டா ஏறவே கூடாது.

விசை லேசாக வரட்டும் என்று, விசைக்கும் ஹேமருக்கும் நடுவே இருக்கும் சியர் என்ற சின்னத் துண்டைக் கல்லில் தேய்த்ததாகச் சொல்கிறாய். பின்னால் இழுத்து நிறுத்திய ஹேமரைப் பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? ஹேமரில் இருக்கும் சின்னக் கொக்கிகள். அவற்றின் உயரம் ஏறத்தாழ 0.02 அங்குலம், அரை மில்லிமீட்டர். சியரின் மூக்கு அந்த அரை மில்லிமீட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூக்கின் கோணம் துளி மாறினாலும், ஸ்லைடு முன்னால் வந்து மோதும் அதிர்ச்சியில் நழுவிவிடும். அன்று ஹேமர் பாதி வழியில் இருக்கும் பள்ளத்தில் மாட்டி நின்றது. அதை நம்பி இன்னொரு தோட்டா போட முடியாது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. உன் வயதில் நானும் இதையேதான் செய்தேன். வீட்டு மேசையில் சியரைத் தேய்த்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி, பெருமையோடு சுடுதளத்துக்கு எடுத்துப் போனேன். நாலாவது தோட்டாவில் விசையை ஒரு தடவைதான் இழுத்தேன். இரண்டு வெடித்தன. முதல் குண்டு அட்டையில் பட்டது. குழல் மேலே எகிறிய நேரத்தில் கிளம்பிய இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று கை நடுங்கியது, காலி செய்து கீழே வைக்கவே வெகுநேரம் ஆனது.

நீ இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான். மேகசினைக் கழற்று, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டும் பார். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குழல் பாதுகாப்பான பக்கம் நோக்கியிருக்க, ஹேமரை இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் போடும் தம்ப் சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி விடு. சேஃப்டியை எடு. ஹேமர் அசையக் கூடாது. அப்புறம் காதருகே வைத்து, ஹேமரைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் பின்னால் இழு. 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தும் சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கைப்பிடியின் பின்பக்கம் இருக்கும் கிரிப் சேஃப்டி அழுந்தாதபடி பிடித்து விசையை இழு. ஹேமர் விழக் கூடாது. ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தாலும் விழக் கூடாது. அது, ஸ்லைடு முழுக்க மூடாதபோது விசை வேலை செய்யாமல் தடுக்கும் டிஸ்கனெக்டருக்கான சோதனை. காலி சேம்பரில் ஸ்லைடைத் திரும்பத் திரும்ப அறைந்து மூடிப் பார்க்காதே, சியர் இன்னும் கெடும்.

மூன்று இலைகள் உள்ள சியர் ஸ்பிரிங்கை மாட்டும்போது இடது இலை சியர் மேல் சரியாக உட்காரவில்லை என்றாலும் ஹேமர் நிற்காமல் இறங்கும். அதனால் முழுக்க உன் கல்லின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதனை எல்லாம் சரியாக வந்தாலும், தேய்த்த சியர் தேய்த்ததுதான். அதைத் திரும்பத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதே. உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, புது சியரை ஹேமரோடு பொருத்தச் சொல். தேய்த்ததை அவரிடம் மறைக்காதே. எந்தக் கல், எவ்வளவு நேரம் என்பது வரை சொல்.

நாளைக்கே கொடுத்துவிடு. கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுது. அந்த 'டிக்' கேட்டதா இல்லையா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா